அடுப்பு மேடை வேறே, வேலை மேஜை வேறே

போன இதழில் வடாம் பிழிவதைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த இதழில் ஒரு மேஜையைப் பற்றி எழுதப் போகிறேன். "மேஜைக்கெல்லாமா ஒரு பக்கம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

என் சின்ன நாத்தனாரைக் காட்டுப்பள்ளியில் கொடுத்திருக்கிறோம். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும், நடுவே நீளமாய் ஒரு மணல் திட்டு, அதுதான் ஊர். மீஞ்சூர் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோவில் போனால், ஒரு பக்கம் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள், இன்னொரு பக்கம் துறைமுகத்துக் கிரேன்கள். கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற ஆலைகூட 2010-இல் இங்கேதான் வந்தது; ஒரு நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர். சென்னைக்குத் தண்ணீர் அனுப்புகிற ஊர். ஆனால் இரும்பு ஜன்னல் கம்பி வாங்கிப் போட்டால் உப்புக் காற்றில் இரண்டே மழைக்காலத்தில் அப்பளம் மாதிரி உதிர்கிறது. இதை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள், மேஜை விஷயத்துக்கு வேண்டும்.

அவள் கல்யாணத்துக்கு முன்பே ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவள். வீட்டுக்காரர் டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். போனால் வர மூன்று நாளாகும். இவள் சும்மா இருப்பானேன் என்று அக்கம்பக்கத்து மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், எல்.இ.டி. பல்பு எல்லாம் வாங்கி ரிப்பேர் பண்ணிக் கொடுக்க ஆரம்பித்தாள். கெட்டிக்காரி. மாதம் நாலாயிரம், ஐயாயிரம் கையில் நிற்கிறது. பல்பு ஒன்றுக்கு இருபது ரூபாய்தான் வாங்குகிறாள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான், நாற்பது கேட்கலாம்.

பொங்கல் கழித்து நான் போயிருந்தபோது மத்தியானம் மூன்று மணி. சமையல்கட்டில் கடப்பைக்கல் மேடைமேல் ஒரு பக்கம் இட்லிக்கு அரிசி ஊறுகிறது. அடுத்த பக்கம் பிரித்துப் போட்ட மிக்ஸி. நடுவில் சால்டரிங் கட்டை புகைந்து கொண்டிருக்கிறது. என்னைப் பார்த்ததும், "வாங்க அண்ணி, ஒரு நிமிஷம், இந்த ஒயரை மட்டும் பத்த வச்சிடறேன்" என்றாள். கீழே தரையில் ஒன்றரை வயசுப் பாப்பா, என் செல்லம், எதையோ பொறுக்கி வாயில் போட்டுக் கொண்டிருந்தது. நான் விரலை விட்டு எடுத்தேன். கடுகு அளவு, வெள்ளியாய்ப் பளபளக்கிற ஓர் உருண்டை.

"ஐயோ, அது லெட்டு! மேடையிலேருந்து உருண்டு விழுந்திருக்கும். துப்பு, துப்பு" என்று ஓடி வந்தாள். முகம் வெளுத்துப் போய்விட்டது.

கடையில் அதற்குப் பெயரே "சால்டரிங் லெட்". லெட் என்றால் காரீயம். நம் வீட்டில் ரசத்துக்கு வைக்கிறோமே ஈயச் சொம்பு, அந்த ஈயம் வேறு. அது வெள்ளீயம், கலப்படம் இல்லாத சொம்பில் ரசம் வைத்தால் ஒன்றும் ஆகாது. இந்தக் கம்பியில் வழக்கமாய் நூற்றுக்கு அறுபது பங்கு வெள்ளீயம், நாற்பது பங்கு காரீயம். நாமோ இரண்டையும் "ஈயம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அதில்தான் ஏமாறுகிறோம்.

காரீயம் குழந்தையின் மூளையைத் தொடுகிறது. படிப்பு, கவனம், குணம் மூன்றையும் மெல்ல மெல்லக் குறைக்கும். காய்ச்சல் வராது, வாந்தி வராது, வெளியே ஒன்றும் தெரியாது. இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வயிற்றுக்குள் போகிற ஈயத்தில் பெரியவர்கள் உடம்பு ஏற்பதைப்போல நாலைந்து மடங்கு சின்னக் குழந்தையின் உடம்பு ஏற்றுக் கொள்கிறது. வயிற்றுப் பிள்ளைக்காரிகளுக்கும் ஆபத்து. தாயின் ரத்தத்திலிருந்து சிசுவுக்குப் போகும். இதற்காகத்தான் 2000-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் பெட்ரோலிலிருந்து ஈயத்தை எடுத்தார்கள். பங்கில் எடுத்ததை நாம் சமையல் மேடையில் கொண்டுவந்து வைத்தால்?

மறுநாளே பாப்பாவுக்கு ரத்தப் பரிசோதனை. டெசிலிட்டருக்கு 6 மைக்ரோகிராம் என்று வந்தது. 5-ஐத் தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்பது 2021-இல் உலக சுகாதார நிறுவனம் கொடுத்த வழிகாட்டுதல். டாக்டரம்மா பொறுமையாய்ச் சொன்னார்: "இந்த அளவுக்கு மருந்து ஊசி எதுவும் வேண்டாம். அதெல்லாம் 45-க்கு மேலே போனால்தான். வருகிற வழியை அடையுங்க, நல்லா சாப்பாடு கொடுங்க, மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்க்கலாம்." இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த குழந்தையின் உடம்பு ஈயத்தை அதிகமாய் இழுத்துக் கொள்ளுமாம். வெறும் வயிறானாலும் அப்படியே. ஆகவே கேழ்வரகுக் கஞ்சி, முருங்கைக்கீரை, முட்டை, கொய்யாப்பழம், நேரத்துக்கு நேரம்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை அவள். வீட்டுக்கு வந்ததும், "ரிப்பேரே வேணாம் அண்ணி. எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்துடறேன்" என்றாள். எனக்கு அது சரியாகப் படவில்லை. படித்த படிப்பு, பழகின கை, கையில் வருகிற காசு... இதையெல்லாம் எதற்கு விடவேண்டும்? தப்பு தொழிலில் இல்லை, தொழில் செய்த இடத்தில். "முதல்ல ஒரு மேஜை போடுவோம். வேலையை அடுப்படியிலிருந்து வெளியே கொண்டு வருவோம்" என்றேன்.

வாசல் பக்கத்துத் தாழ்வாரத்தில் நாலடிக்கு இரண்டடி இடம் இருந்தது. காற்றோட்டம் உண்டு, பாப்பா எட்டாதபடி ஒரு தட்டிக் கதவும் போடலாம். கால் எதுவாக இருந்தாலும் சமாளிக்கலாம். ஆனால் மேல்பலகை எதில்? அங்கேதான் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு யோசனை.

லாரியிலிருந்து வந்த மாப்பிள்ளை, "அக்கா, ஒரு இரும்பு பிளேட்டு கிடைக்குது. எத்தனை அடிச்சாலும் தாங்கும்" என்றார். பட்டறைக்குச் சரி. ஆனால் இவள் ரிப்பேர் செய்வது மின்சாரச் சாமான். அயர்ன் பாக்ஸைக் கழற்றிப் பிளக்கில் போட்டுப் பார்க்கிற நேரத்தில், உள்ளே கம்பி உடம்பைத் தொட்டிருந்தால் 230 வோல்ட்டும் அந்த இரும்புத் தகட்டில் பாயும். அவள் இரண்டு முழங்கையும் அதன் மேல்தான் இருக்கும். கீழே மழைச் சாரல் பட்ட தரை. நினைக்கவே பயமாக இருக்கிறது. தையல் மெஷின் மட்டும் பார்க்கிறவர்கள் இரும்பு போட்டுக் கொள்ளட்டும். மின்சாரம் தொடுகிற மேஜைக்கு இரும்பும் கூடாது, தகரம் தைத்த பலகையும் கூடாது. உப்புக் காற்றில் அந்தத் தகடு என்ன கதியாகும் என்பது அப்புறம்.

கடப்பைக்கல்லையே இன்னொரு துண்டு வாங்கிப் போடலாமே என்றால், அதில் எனக்கு மூன்று மனத்தாங்கல். கையிலிருந்து நழுவின பிளாஸ்டிக் மூடி அதில் பட்டால் விரிசல்தான். இரண்டாவது, கடப்பைக்கல் சுண்ணாம்புப் பாறை வகை. புளியும் எலுமிச்சையும் பட்டுப் பட்டு முகம் சொரசொரத்துப் போகும். அந்தச் சொரசொரப்பில் பொடி தங்கும். மூன்றாவது, இரண்டு கல் சேருகிற இடத்தில் சிமென்ட் பூச்சு. இவள் சமையல் மேடையின் அந்த இடுக்கை நான் பழைய பல் துலக்கும் பிரஷால் கிளறினேன். பதினொரு ஈய உருண்டை வந்தது. எண்ணினேன்! அந்த மேடையில்தான் சப்பாத்தி திரட்டுகிறார்கள்.

பக்கத்து வீட்டு அம்மா ஒரு யோசனை சொன்னார். துறைமுகத்தில் பெட்டிச் சாமான் வருகிற மரத் தட்டுகளை உடைத்து விறகுக் கடையில் போடுகிறார்களாம், மலிவாம். நல்ல பைன் மரம்தான். நான் போய்ப் பார்த்தேன். அந்த மரங்களில் ஒரு முத்திரை இருக்கும், கோதுமைக் கதிர் மாதிரி ஒரு படம், பக்கத்தில் நாட்டின் பெயரைக் குறிக்கிற இரண்டு எழுத்து, அப்புறம் "எச்.டி." அல்லது "எம்.பி." என்று போட்டிருக்கும். மரத்தோடு பூச்சிகள் நாடு விட்டு நாடு போய்விடக் கூடாதே என்று உலக நாடுகள் 2002-இல் ஒத்துக் கொண்ட விதி அது. எச்.டி. என்றால் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் இருக்கும்படி வேகவைத்தது. எம்.பி. என்றால் மீதைல் புரோமைடு என்ற விஷவாயு காட்டினது. வாயு நாளாவட்டத்தில் பறந்துவிடும் என்றாலும், குழந்தை இருக்கிற வீட்டுக்குள் எம்.பி. மரம் எதற்கு? எச்.டி. என்று தேடி எடுத்தாலும் அதன்மேல் வழியில் என்ன ரசாயனம் சிந்திற்றோ, யார் கண்டது! கறை படிந்த மரத்தை வேண்டாம் என்றுவிட்டேன். சுத்தமான இரண்டு எச்.டி. கட்டைகளை மட்டும் மேஜைக் காலுக்குக் குறுக்குச் சட்டமாக வாங்கினோம். மேல்பலகைக்கு அது சரிப்படாது. மெத்து மரம், நகம் பட்டாலே குழி விழும். பலகைக்கும் பலகைக்கும் இடுக்கு வேறே.

மாமியார் பரணைக் காட்டினார். "எங்க பழைய வீட்டுக் கதவு இருக்கும்மா. தேக்கு. இழைச்சு எடுத்தா புதுசு கணக்கா ஆயிடும்." தேக்கு என்றதும் எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தக் கதவில் நாலைந்து தடவை அடித்த பச்சைப் பெயிண்ட். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் விதி நடைமுறைக்கு வந்தது 2017-இல்தான். அதற்கு முந்தின பெயிண்டில், அதிலும் பச்சையிலும் மஞ்சளிலும், ஈயம் தாராளமாய் இருந்திருக்கலாம். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் வீடு முழுக்க ஈயப் பொடி! எதிலிருந்து தப்ப ஓடுகிறோமோ அதையே மாவாய் அரைத்துத் தூவின கதையாகும். கதவு பரணிலேயே இருக்கட்டும் என்று சொன்னதில் பெரியவருக்குக் கொஞ்சம் மனசு கஷ்டம்தான். அதன் சாவித் துவாரத் தகட்டை மட்டும் கழற்றிப் பூஜை அறையில் மாட்டினேன், கொஞ்சம் சமாதானம்.

என் வீட்டுச் சமாசாரம் ஒன்று சொல்கிறேன். திருவொற்றியூரில் எங்கள் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் மேஜை இருந்தது. மரத்தூளைப் பசை போட்டு அழுத்தின பலகை, மேலே வழுவழுவென்று ஒட்டின காகிதம். பார்க்க ராஜா மாதிரி இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் முழங்கால் தண்ணீர் உள்ளே வந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஊறின பொரியுருண்டை மாதிரி வீங்கிக் கால் நாலும் உதிர்ந்து கிடந்தது. மரத்தூள் பலகையைக் கடலோரத்து வீட்டுக்கு யாராவது சிபாரிசு செய்தால், அவர் உங்களுக்கு உறவாக இருக்க முடியாது.

இவ்வளவு கழித்த பிறகு மிஞ்சினது பிளைவுட். அதிலும் எல்லாம் ஒன்றல்ல. கடைக்காரர் "வாட்டர் ப்ரூஃப்" என்று வாயால் சொல்வதை விட்டுவிட்டு, பலகையின்மேல் குத்தியிருக்கிற முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ். 710 என்றிருந்தால் அது கப்பல் படகுகளுக்கென்று தரம் வகுத்த பிளைவுட். அதன் பசையை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிப்பார்கள். ஐ.எஸ். 303 என்றிருந்தால் அது பொது உபயோகத்துக்கு, அதில் இரண்டு தினுசு உண்டு, "எம்.ஆர்." என்று போட்டது ஈரக்கசிவை மட்டும் தாங்கும், காட்டுப்பள்ளிக்குப் போதாது. நாங்கள் 19 மில்லி மீட்டர் கனத்தில் 710 வாங்கினோம். முழுப் பலகை எட்டடிக்கு நாலடி, அவ்வளவு எதற்கு? நாலடிக்கு இரண்டடி துண்டு போதும் என்றதும் கடைக்காரர் முகம் சுளித்தார். பிறகு வெட்டித் தந்தார். சதுர அடி நூற்றிருபது ரூபாய்.

வெறும் பிளைவுட்டின் முகத்தில் மர ரேகைகள் இருக்கும். அதில் பொடி இறங்கும். அதனால் மேலே சன்மைக்கா. பளபளப்பில்லாத வெளிர் நிறம். பூப்போட்டது வேண்டவே வேண்டாம். சின்ன ஸ்குரூ அந்தப் பூவுக்குள் ஒளிந்து கொள்ளும். வெளிர் நிறத்தில் ஒரு ஈய உருண்டை கிடந்தாலும் கண்ணை உறுத்தும், அதுதான் நமக்கு வேண்டும். அடிப்பக்கத்தையும் நாலு ஓரத்தையும் இரண்டு கை வார்னிஷ் அடிக்கச் சொன்னேன். எல்லாரும் முகத்தை மட்டும் மூடிவிட்டு ஓரத்தைத் திறந்து விடுகிறார்கள். ஈரம் அந்த வழியாகத்தான் நுழையும்.

நகை செய்கிற பத்தர் வேலை பார்ப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அராவும்போது விழுகிற தூள் ஒரு துணுக்குக்கூட வெளியே போகாது. கீழே விழுந்தாலும் கூட்டி எடுத்து வைப்பார். அந்தக் குப்பையைக்கூடக் காசு கொடுத்து வாங்க ஆள் வருவார்கள். தங்கம் என்பதால் அத்தனை கவனம். அந்தக் கவனத்தில் பாதி நமக்கு ஈயத்தின்மேல் வேண்டும். அதனால் மேஜையின் பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் அரை அங்குலம் உயரமாய் மரப்பட்டி அடித்தோம். முன்பக்கம் பட்டி இல்லை. அதன் கீழே இழுக்கிற மாதிரி ஒரு தட்டு. துடைத்தால் எல்லாம் தட்டில் விழும். தச்சர், "முன்னாடியும் அடிச்சா பார்க்க அழகா இருக்கும்மா" என்றார். கை மணிக்கட்டு நாள் முழுக்க அந்தப் பட்டியில் அழுந்தினால் வலி யாருக்கு? நான் விடவில்லை.

சன்மைக்காவுக்கு ஒரு பலவீனம், சூடு. சால்டரிங் கட்டையை வைத்தால் கருகிவிடும். "அதுக்கு ஒரு துண்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு வச்சிக்கலாம், மாட்டுக் கொட்டாயிலே உடைஞ்சது கிடக்குது" என்றார் மாப்பிள்ளை. ஒரு காலத்தில் இஸ்திரி மேஜையில்கூட அதைத்தான் போட்டார்கள். இன்றைக்கும் கூரைக்கு விற்கிறார்கள், ஆனாலும் சொல்கிறேன்: உடைந்த ஆஸ்பெஸ்டாஸை வெட்டவும் அராவவும் கூடாது. அதன் நார் கண்ணுக்குத் தெரியாமல் நுரையீரலில் போய்த் தங்கி, இருபது முப்பது வருஷம் கழித்துப் புற்றுநோயாய் வரும். அதற்குப் பதில் தரைக்குப் பதித்து மிஞ்சின டைல்ஸ் ஒன்று, இரண்டடிக்கு இரண்டடி, வீட்டிலேயே கிடந்தது. எட்டில் ஒரு பங்கு வெட்டி வலது கைப்பக்கம் ஒட்டிவிட்டோம். செலவு இல்லை. சூடு தாங்கும், துடைத்தால் போகும்.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தச்சர் தன் உயரத்துக்கு அளவெடுத்தார். ஆறடி ஆள்! இவளோ ஐந்தடி. நான் இவளை நிற்க வைத்து முழங்கையை மடக்கச் சொல்லித் தரையிலிருந்து அளந்தேன். நின்று செய்கிற சாதாரண வேலைக்கு முழங்கைக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே. கண்ணை வைத்துப் பார்க்கிற நுண்வேலைக்கு முழங்கை அளவோ, சற்று மேலோ. இவள் வேலை பாதிக்குப் பாதி நுண்வேலை. முழங்கை அளவுக்கே போட்டு, உயரமான ஸ்டூல் ஒன்று செய்தோம். சமையல் மேடையில் குனிந்து குனிந்து பிடரி வலி என்று தைலம் தேய்த்துக் கொண்டிருந்தவள் இப்போது தைலத்தைத் தேடுவதில்லை.

காலடியில் மின்சார வேலைக்கென்று விற்கிற ரப்பர் பாய். கார் மிதியடி அல்ல, ஐ.எஸ். 15652 முத்திரை போட்டது. மேஜைக்குப் போகிற லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று, மின்சாரம் வழிதவறிக் கசிந்தால் கண் இமைக்கிற நேரத்தில் தானே துண்டித்துவிடும். இது மேஜைக் கணக்கில் வராது. ஆனால் மேஜைக்கு ஆன செலவில் முதலில் எடுத்து வைக்க வேண்டிய காசு இதற்குத்தான்.

புகையைப் பற்றியும் கேட்பீர்கள். அந்தச் சூட்டில் ஈயம் ஆவியாகிப் பறப்பது அபூர்வம். மேலே எழுகிற வெள்ளைப் புகை கம்பிக்குள் இருக்கிற பைன் பிசினின் புகை. அதற்காக அது நல்லதென்று அர்த்தமில்லை. தினமும் சுவாசித்தால் ஆஸ்துமாவை வரவழைக்கும். முகத்துக்கு எதிரே வராமல் பக்கவாட்டில் இழுத்துப் போகும்படி ஒரு சின்ன மின்விசிறி வைத்துக் கொண்டாள். ஈயம் உள்ளே போவது மூக்கு வழியாக அல்ல, கை வழியாக. விரலில் ஒட்டினது வாய்க்குப் போகிறது.

ஆகவே சில சட்டங்கள் போட்டோம். மேஜையில் டீ டம்ளர் வைக்கக் கூடாது. பாப்பாவை எடுக்கும் முன் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவ வேண்டும். வெறும் தண்ணீர் போதாது. வேலைக்கென்று தனிச் சட்டை, அது வீட்டுத் துணியோடு ஊறக் கூடாது. துடைப்பம் போடவே கூடாது, பொடி எழும்பும். ஈரத் துணியால் துடைக்க வேண்டும், அந்தத் துணிக்குச் சிவப்புக் கரை, அடுப்படிப் பக்கமே வரக்கூடாது. வெட்டின துணுக்குகள் மூடி போட்ட டப்பாவில். ஈயமில்லாத கம்பியும் இப்போது கிடைக்கிறது. கிட்டத்தட்ட முழுக்க வெள்ளீயம், துளி தாமிரம். ஐரோப்பாவில் 2006-லிருந்து மின்னணுச் சாமான்களுக்கு அதுதான் கட்டாயம். விலை கூடுதல், உருக 227 டிகிரி வேண்டும் என்பதால் கை பழகக் கொஞ்ச நாளாகும். இவள் அதற்கு மாறிவிட்டாள். ஆனாலும் ரிப்பேருக்கு வருகிற பழைய சாமானின் இணைப்புகளில் காரீயம் இருக்குமே! சட்டங்கள் அப்படியே இருக்கின்றன.

இதையெல்லாம் தாழ்வாரத்தில் பார்த்துக் கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மா, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "எங்க வீட்டுல வலைக்கு ஈயக்குண்டு கோக்கிறோமே, அதும் இதுதானா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலையின் அடிக்கயிற்றில் பாரத்துக்குக் கோக்கிறார்களே, அதே காரீயம்தான். நடு வீட்டில் வலையை விரித்துக் கோத்துக் கொண்டே பிள்ளைக்குச் சோறு ஊட்டுவார்களாம். பழைய குண்டுகளைச் சேர்த்து அடுப்பில் உருக்கி வார்ப்பதும் உண்டாம். அதற்கு வைக்கிற சட்டி சில சமயம் மீன் குழம்புச் சட்டி. உருக்குவதை வீட்டுக்குள் செய்யவே வேண்டாம், கோக்கிற வேலைக்குத் தனிப் பாய், முடித்ததும் சோப்பு என்று சொல்லி வந்தேன். அந்த அம்மாவின் பேரனையும் பரிசோதனைக்கு அழைத்துப் போவதாய்ச் சொல்லியிருக்கிறார்.

மேஜை முடிந்து ஒரு மாதமாகிறது. பலகை, சன்மைக்கா, கால், தச்சர் கூலி எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துச் சொச்சம். ஒரு மாத வருமானம் அதில் போயிற்று. சமையல் மேடையின் இடுக்குகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து புதுசாய்ச் சிமென்ட் பூசியாயிற்று. பாப்பாவின் அடுத்த பரிசோதனை சித்திரையில்.

போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். "அண்ணி, அத்தை முறுக்கு சுட்டாங்க. ஆற வைக்க இடமில்லைன்னு தாம்பாளத்தை நேரா கொண்டு போயி என் மேஜை மேல வச்சிட்டாங்க. நான் போட்ட சத்தத்துல தெருவே கூடிடுச்சு. அவ்வளவு முறுக்கையும் கொட்டச் சொல்லிட்டேன். அத்தை ரெண்டு நாளா என்கூடப் பேசலை."

"இப்ப?" என்றேன்.

"இன்னிக்குக் காலைல தாழ்வாரத்துக் கதவுக்கு ஒரு கொக்கி வாங்கி அவங்களே மாட்டினாங்க."